முப்பத்தேழு டிகிரியில் விழிக்கும் உலோகம்



நிக்கல் அணுவும் டைட்டானியம் அணுவும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சேர்ந்த நிட்டினால் என்னும் உலோகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் கம்பியைக் கசக்கிச் சுருட்டி வெந்நீரில் போட்டால், கண் இமைக்கும் நேரத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். உங்களில் பலர் அதைக் காணொளியிலாவது பார்த்திருப்பீர்கள். பார்த்தவர் எவருக்கும் வியப்பு வராமல் இருக்காது. அந்த வியப்பு 1961ஆம் ஆண்டிலேயே ஒரு கூட்டத்தில் நிகழ்ந்துவிட்டது. ஆனால் அதே உலோகம் ஒரு நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் மருத்துவர் துணிந்து வைக்கும் பொருளாக மாற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த முப்பது ஆண்டுகளில் பட்டறைகளிலும் உலைகளிலும் சோதனைச்சாலைகளிலும் நடந்தவைதான் என் உரையின் பொருள். கண்டுபிடித்தவர்களைப் பாடநூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. உருக்கியவர்களையும் இழுத்தவர்களையும் மெருகிட்டவர்களையும் யாரும் நினைப்பதில்லை.

உருநினைவு என்ற பண்பு நிட்டினாலுக்கு முன்பே தெரிந்ததுதான். சுவீடனைச் சேர்ந்த ஆர்னே ஓலாண்டர், தங்கமும் காட்மியமும் கலந்த உலோகம் ரப்பரைப்போல் வளைந்து மீள்வதை 1932இல் பதிவு செய்தார். 1951இல் சாங், ரீட் என்ற இருவர் அதே கலவையில் உருநினைவைக் காட்டினார்கள். தங்கம் விலை மிக்கது, காட்மியம் நச்சு. ஆகவே அது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒயிட் ஓக் என்ற இடத்தில் கடற்படையின் போர்த்தளவாட ஆய்வகம் இருந்தது. அங்கே வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர், வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும் ஏவுகணையின் மூக்குக் கூம்புக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கடும் வெப்பத்தையும் அடியையும் தாங்க வேண்டும் என்பதே தேவை. நிக்கல் டைட்டானியக் கலவை உடையாமல் அடி தாங்குவதைக் கண்டார். 1959 வாக்கில், வார்த்து எடுத்த தண்டுகளைச் சிமெண்டுத் தரையில் போட்டு ஓசை கேட்டபோது, குளிர்ந்திருந்த தண்டு ஈயம்போல் மந்தமாக விழுந்தது. சூடு ஆறாத தண்டு மணிபோல் ஒலித்தது. சூடான தண்டைக் குடிநீர்க் குழாயில் பிடித்துக் குளிரவைத்துப் போட்டால் அதுவும் மந்தமானது. கொதிநீரில் சூடாக்கினால் மறுபடி ஒலித்தது. அறை வெப்பத்துக்கும் கொதிநிலைக்கும் நடுவே உலோகத்தின் உட்கட்டமைப்பே மாறுகிறது என்பதைக் காதால் கண்டுபிடித்தார் என்றே சொல்ல வேண்டும். உலோகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஓசை வேறுபட்டதை இன்னொருவரும் கேட்டிருக்கக்கூடும். குழாயடிக்குப் போய்ச் சரிபார்த்தவர் பியூலர்.

1961இல் ஆய்வக நிர்வாகக் கூட்டத்தில், விசிறி மடிப்பாக மடித்த ஒரு நிட்டினால் பட்டையைச் சுற்றுக்கு விட்டார்கள். எத்தனை முறை மடக்கினாலும் உடையாது என்று காட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பட்டை அது. டேவிட் மசி என்ற அதிகாரி புகைக்குழாய் பிடிப்பவர். சூடுபடுத்தினால் என்ன ஆகும் என்று தம் லைட்டரைப் பட்டையின் கீழே காட்டினார். மடிப்புகள் ஒவ்வொன்றாக நீண்டு பட்டை நேரானது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த படிகவியலாளர் பிரெடரிக் வாங் அதன் உட்காரணத்தை ஆராயத் தொடங்கினார்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த உலோகத்துக்கு இரண்டு படிக நிலைகள். சூட்டில் இருப்பது ஆஸ்டெனைட். சீரான கனசதுர அடுக்கு, விறைப்பானது. குளிரில் இருப்பது மார்ட்டென்சைட். அடுக்கு சாய்ந்து நிற்கும், மென்மையானது. சாதாரண இரும்புக் கம்பியை வளைத்தால் அணுக்களின் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிவிடுகின்றன. பழைய அண்டை அணுவை விட்டுப் புதிய அணுவோடு சேர்கின்றன. திரும்பி வர வழியில்லை. நிட்டினாலின் குளிர் நிலையில் அப்படி நடப்பதில்லை. கடைவாசல்களில் இழுத்து மடக்கும் இரும்புக் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டைகள் சாய்கின்றன, நிமிர்கின்றன. எந்தப் பட்டையும் தன் ஆணியை விட்டுக் கழல்வதில்லை. அணுக்களும் அப்படியே தம் அண்டையரை விடாமல் சாய்ந்து கொடுக்கின்றன. சூடு பட்டதும் எல்லாம் நிமிர்ந்து ஆஸ்டெனைட் அடுக்குக்கு வந்துவிடுகின்றன. இது உருநினைவு.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. உலோகம் ஏற்கெனவே சூட்டு நிலையில், ஆஸ்டெனைட்டாக இருக்கும்போது அதை வலிந்து வளைத்தால், அழுத்தமே அதைத் தற்காலிகமாக மார்ட்டென்சைட் ஆக்கிவிடும். கையை எடுத்ததும் தானே மீளும், வெந்நீர் தேவையில்லை. இதை மீமீள்மை என்கிறோம். நல்ல துருப்பிடிக்கா எஃகு அரை விழுக்காட்டுக்கும் குறைவான நீட்சியைத்தான் தாங்கி மீளும். நிட்டினால் எட்டு விழுக்காடு வரை நீண்டு மீள்கிறது. இன்று நோயாளிகளின் உடலுக்குள் இருக்கும் நிட்டினால் சாதனங்களில் மிகப் பெரும்பாலானவை நம்பியிருப்பது இந்த இரண்டாவது பண்பையே. புகழ் உருநினைவுக்கு, உழைப்பு மீமீள்மைக்கு.

முதலில் வெற்றிகரமாகச் சந்தைக்கு வந்த பொருள் மருத்துவத்துக்கு உரியதன்று. எஃப்-14 போர் விமானத்தில் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களை இணைக்க, கலிஃபோர்னியாவின் ரேகெம் நிறுவனம் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு குழாய்ப்பூணைச் செய்தது. பூணைக் குழாயைவிடச் சற்றுச் சிறிதாகக் கடைந்து, திரவ நைட்ரஜன் குளிரில் விரித்து, அந்தக் குளிரிலேயே வைத்திருப்பார்கள். வேலை நேரத்தில் எடுத்துக் குழாய்களின் முனைகளில் செருகினால், அறைச் சூடு பட்டதும் அது சுருங்கிக் குழாயைக் கவ்விப் பிடிக்கும். பற்றவைப்பு இல்லை, நெருப்பு இல்லை. இது ஏன் வென்றது என்று பாருங்கள். உலோகம் ஒரே ஒரு முறை வேலை செய்தால் போதும். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அந்தக் கலவை மறுபடி தளரும் குளிருக்குப் போகாது. விலையைப் பற்றி வாங்குபவர் கவலைப்படவில்லை.

தோற்ற முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1973இல் ரிட்ஜ்வே பேங்க்ஸ் என்பவர் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரு சக்கரத்தைச் செய்தார். நிட்டினால் கம்பி வளையங்கள் வெந்நீரிலும் குளிர்நீரிலும் மாறிமாறி மூழ்க, சக்கரம் சுற்றியது. எண்ணெய் நெருக்கடிக் காலம். எரிபொருள் இல்லாத எந்திரம் வந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். எந்திரம் ஓடியது உண்மை. ஆனால் சிறிய வெப்ப வேறுபாட்டிலிருந்து எடுக்கக்கூடிய வேலைக்கு வெப்ப இயக்கவியல் வைத்திருக்கும் வரம்பு மிகக் குறைவு. லட்சக்கணக்கான முறை சுருங்கி விரியும் கம்பியும் களைத்துப் போகும். பேங்க்ஸின் திறமையில் குறையில்லை. வெப்பநிலை அலைபாயும் இடத்தில் இந்த உலோகத்திடம் வேலை வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை அவருடைய சக்கரம் காட்டிவிட்டது.

அப்படியானால் வெப்பநிலை அலைபாயாத இடம் எது? மனித உடல். கோடையிலும் மார்கழியிலும், ஊட்டியிலும் வேலூரிலும் அது 37 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உலோகவியலாளன் என்ற முறையில் என் கருத்து இது: நிட்டினாலுக்கு உடலைப்போல் பொருந்திய வீடு வேறு எங்கும் இல்லை.

அந்த வீட்டின் வாசல் பற்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் பல் சீரமைப்புப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஆண்ட்ரியாசன், நிட்டினாலைப் பற்றிப் படித்து, தம் துறைக்கு அதனால் ஆகக்கூடியதை உடனே கண்டுகொண்டார். 1971இல் அவருடைய கட்டுரை வந்தது. அதுவரை எஃகுக் கம்பியால்தான் பற்களை நகர்த்தினார்கள். எஃகின் இயல்பு, வளைத்தவுடன் பலமாக இழுப்பது. பல் சற்று நகர்ந்ததும் இழுப்பு சரசரவென்று குறைந்துவிடும். ஆகவே மாதந்தோறும் மருத்துவரிடம் போய் முறுக்கேற்ற வேண்டும்; முறுக்கிய இரவு வலியில் தூக்கம் வராது. எலும்போ மெதுவான, விடாத இழுப்புக்கே நன்றாக இணங்கும். நிட்டினால் கம்பி தருவது அத்தகைய இழுப்பு.

முதலில் விற்பனைக்கு வந்த கம்பி, கடுமையாக இழுத்துப் பதப்படுத்திய மார்ட்டென்சைட். அது எதையும் நினைவுகூரவில்லை. மென்மையாக வளைந்து கொடுத்தது, அவ்வளவே. உண்மையான மீமீள்மை கொண்ட கம்பிகள் 1980களின் நடுவில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. பல் சீரமைப்பு ஆய்வாளர்களான பர்ஸ்டோன் சீனக் கம்பியைப் பற்றி 1985இலும், மியூரா ஜப்பானியக் கம்பியைப் பற்றி 1986இலும் எழுதினார்கள். பிறகு செம்பு சேர்த்த வகை வந்தது. 27, 35, 40 டிகிரி என்று மாறும் வெப்பநிலையைக் குறித்தே விற்றார்கள். 40 டிகிரி வகையைப் போட்டவர் சூடான காபி குடித்தால் பல்லில் இழுப்பு கூடும். ஐஸ் தண்ணீர் கொப்பளித்தால் தளரும். இன்று நம் ஊர்களில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலரின் வாயில், தொடக்க மாதங்களில் இருப்பது இந்தக் கம்பி.

பல் மருத்துவத்திலேயே இன்னொரு பாய்ச்சலும் நடந்தது. பல்வேரின் கால்வாய் வளைந்திருக்கும். எஃகு அரம் நேராகப் போக முயன்று கால்வாயின் சுவரைக் குடையும். 1988இல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டைன் மூவரும் பல் சீரமைப்புக்கான நிட்டினால் கம்பியை எடுத்து அதிலேயே அரம் அறுத்துப் பார்த்தார்கள். எஃகு அரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வளைந்து கொடுத்தது. ரூட் கெனால் என்று நாம் சொல்லும் சிகிச்சையே அதன்பின் மாறியது. ஆனால் எஃகு அரம் உடையும் முன் புரி தளர்ந்து எச்சரிக்கும். நிட்டினால் அரம் பெரும்பாலும் சொல்லாமல் உடையும். அதனால் எத்தனை பற்களுக்கு ஓர் அரம் என்ற கணக்கை மருத்துவர் கண்டிப்பாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ரத்தக்குழாய்க்கு வருவோம். 1983இல் மருத்துவர்கள் சார்லஸ் டாட்டரும், ஆண்ட்ரூ கிராக்கும் தனித்தனியே நிட்டினால் சுருளை ரத்தக்குழாய்க்குள் வைத்துப் பார்த்த சோதனைகளை வெளியிட்டார்கள். பாஸ்டனின் கதிரியல் மருத்துவர் மோரிஸ் சைமன் செய்த வடிகட்டி 1990இல் அமெரிக்க அனுமதி பெற்றது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்ச் சேராமல் பெருஞ்சிரையில் நின்று தடுக்கும் கருவி அது. குளிரூட்டிய உப்புநீரைக் குழாயில் ஓடவிட்டுக்கொண்டே நேரான கம்பிக் கற்றையாக உள்ளே தள்ளுவார்கள். ரத்தத்தின் சூடு பட்டதும் அது பூவாக விரிந்து சிரையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். உருநினைவு என்ற பண்பை அதன் முழு அழகோடு பயன்படுத்திய மருத்துவக் கருவி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து வந்த ஸ்டென்டுகள், அதாவது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்கள், குளிர்ந்த உப்புநீரைக் கைவிட்டன. அறை வெப்பத்தை ஒட்டியே ஆஸ்டெனைட்டாக மாறிவிடும்படி கலவையை அமைத்து, ஸ்டென்டை நசுக்கி ஒரு மெல்லிய உறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். உரிய இடத்தில் உறையைப் பின்னுக்கு இழுத்தால் தானே விரியும். பலூன் வைத்து விரிக்கும் எஃகு ஸ்டென்டை வெளியிலிருந்து அழுத்தினால் நசுங்கி அப்படியே கிடக்கும். கழுத்திலும் தொடையிலும் உள்ள ரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகில் இருக்கின்றன. அழுந்தும், மடங்கும், முறுகும். அங்கே மீளும் ஸ்டென்ட் வேண்டும்.

மீமீள்மையில் ஒரு நுட்பம் மருத்துவர்களுக்குப் பெரும் பரிசாக அமைந்தது. நிட்டினாலை வளைக்க ஆகும் விசை அதிகம். அது மீளும்போது தரும் விசை குறைவு. எனவே விரிந்து நிற்கும் ஸ்டென்ட் ரத்தக்குழாயின் சுவரை வெளிநோக்கி மென்மையாகவே தள்ளுகிறது. வெளியிலிருந்து யாராவது அழுத்தினாலோ அந்த அதிக விசை எழுந்து கடுமையாக எதிர்க்கிறது. சுவரை நோகச் செய்யாமல் வழியைத் திறந்து வைத்திருக்க இதைவிடச் சிறந்த இயல்பைக் கேட்டு வாங்க முடியாது.

இனி உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இந்த உலோகத்தை எப்படிச் செய்கிறார்கள்?

முதல் சிக்கல் உருக்குவதில். நிக்கலின் பங்கு அணுக்கணக்கில் 0.1 விழுக்காடு கூடினால், மாறும் வெப்பநிலை சுமார் 10 டிகிரி இறங்கிவிடும். 37 டிகிரியில் நிற்கும் உடலுக்குப் பொருள் செய்கிறவருக்கு 10 டிகிரி என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம். வேதியியல் பகுப்பாய்வால் அந்த நுட்பத்தைத் தொட முடிவதில்லை. ஆகவே நிக்கல் எவ்வளவு என்று கேட்காமல், எந்த வெப்பநிலையில் மாறுகிறாய் என்று உலோகத்தையே கேட்டுத் தரம் பிரிக்கிறார்கள். அதற்கென வரையறுத்த சோதனைகள் உண்டு. ஒன்றில், குளிர்ந்த மாதிரியை வளைத்து மெல்லச் சூடேற்றி, முழுதும் நிமிரும் வெப்பநிலையைக் குறிப்பார்கள்.

டைட்டானியம் உருகிய நிலையில் எதைத் தொட்டாலும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆக்சிஜனை விடாது, கரியை விடாது. ஆகவே வெற்றிடத்தில்தான் உருக்க வேண்டும். கிராஃபைட் மூசையில் உருக்கினால் நன்றாகக் கலக்கும், ஆனால் கரி கொஞ்சம் ஏறும். நீர் ஓடும் செம்புக் கலத்தில் மின்வில்லால் உருக்கினால் தூய்மையாக இருக்கும், ஆனால் ஒருசீராகக் கலக்கத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டும். ஏறிய கரியும் ஆக்சிஜனும் டைட்டானியத்தோடு சேர்ந்து சிறு கடினத் துகள்களாக உள்ளே உறைகின்றன. மருத்துவ நிட்டினாலுக்கான அமெரிக்கத் தரநிலை அத்துகளின் அளவுக்கு 39 மைக்ரான் என்று எல்லை வைத்திருக்கிறது. ஸ்டென்டின் ஒரு தட்டிக் கம்பியின் அகலம் 100 மைக்ரானை ஒட்டியது என்றால், 39 மைக்ரான் துகள் அதில் எவ்வளவு பெரிய பாறை என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் பொறுப்புள்ள தயாரிப்பாளர்கள் எல்லைக்கு வெகு கீழே நிற்கப் பாடுபடுகிறார்கள்.

பிறகு தண்டைத் துளைத்துக் குழாயாக இழுப்பது. நிட்டினால் இழுக்க இழுக்க இறுகும். சற்று இழுத்து, உலையில் இளக்கி, மறுபடி இழுத்து என்று பல சுற்றுகள் ஆகும். கடைசல் பொறியின் உளியைத் தின்றுவிடும் உலோகம் இது. எஃகோடு பற்றவைத்தால் இணைப்பு கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே பல இடங்களில் நசுக்கிப் பூட்டுகிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவான குழாயில் லேசரால் வலைக்கண்களை வெட்டுவார்கள். அந்த வலையைச் சற்றே தடித்த தண்டின் மேல் ஏற்றி, 500 டிகிரியை ஒட்டிய உப்புக் குளியலிலோ மணல் படுகையிலோ சில நிமிடங்கள் வைத்து, நீரில் அமிழ்த்துவார்கள். பிறகு இன்னும் தடித்த தண்டு, மறுபடி உலை. இப்படிப் படிப்படியாக விரிந்து இறுதி வடிவத்துக்கு வரும். உலோகம் பிறகு எந்த வடிவத்துக்குத் திரும்பும் என்பது இங்கே முடிவாகிறது.

உலையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் வடிவத்தை மட்டும் பதிப்பதில்லை. நிக்கல் மிகுந்த நுண்துகள்கள் உள்ளே பிரிந்து, சுற்றியுள்ள உலோகத்தில் நிக்கலைக் குறைக்கின்றன; மாறும் வெப்பநிலை மேலே ஏறுகிறது. உலைக்காரர் இரண்டு நிமிடம் தாமதித்தால் வேறொரு உலோகம் வெளியே வரும். உருக்கிய கூடத்தில் தவறிய சில டிகிரிகளை இங்கே மீட்டுக்கொள்ளவும் முடியும். எனக்குத் தெரிந்தவரை, ஒரு தொழிலாளியின் கையும் கடிகாரமும் இவ்வளவு நேரடியாக நோயாளியின் உடலுக்குள் போய்ச் சேரும் வேலைகள் மிகச் சில. அதனால் உலைக்கூடத்து வேலையை இளைஞர்கள் தாழ்வாக எண்ணுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக மெருகு. எடைக்கணக்கில் நிட்டினாலில் சுமார் 55 விழுக்காடு நிக்கல். நிக்கல் பலருக்கு ஒவ்வாமை தருவது. மலிவான தோடு போட்டுக் காது புண்ணானவர்களுக்குத் தெரியும். ஆனால் நிட்டினாலின் மேற்பரப்பில் டைட்டானியம் ஆக்சைடின் மெல்லிய படலம் உருவாகி நிக்கலை உள்ளே பூட்டி வைக்கிறது. அந்தப் படலம் எப்படி அமைந்தது என்பதே முக்கியம். உலையில் படிந்த தடித்த கருநீல ஆக்சைடின் அடியில் நிக்கல் சேர்ந்திருக்கும். அதை அப்படியே விட்டால் உடலில் கசியும். அமிலக் குளியலில் மின்சாரம் செலுத்தி மேற்பரப்பைக் கரைத்தெடுத்தால் லேசர் விட்ட வடுக்களும் போகும், நல்ல படலமும் வரும். ஒரே கலவையிலான இரண்டு ஸ்டென்டுகளில் ஒன்று நிக்கலைக் கசியவிடுவதும் மற்றது விடாததும் இந்த ஒரு படியில் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2020இல் நிட்டினால் சாதனங்களுக்கென்றே ஒரு தனி வழிகாட்டியை வெளியிட நேர்ந்ததற்கு இத்தகைய நுட்பங்கள் காரணம்.

நுகர்பொருள்களைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் ஃபிளெக்ஸான் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் வந்தன. மேலே உட்கார்ந்தாலும் மீளும் சட்டம் என்று புகழ் பெற்றன. பனி கொட்டும் ஊரிலும் வெயில் ஊரிலும் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்பதால், கண்ணாடிச் சட்டத்துக்குக் கடுமையாக இழுத்துப் பதப்படுத்திய கம்பி வேண்டியிருந்தது. ஜப்பானில் பெண்களின் உள்ளாடைக் கம்பியாகவும், முதல் தலைமுறைக் கைபேசிகளின் இழுத்து நீட்டும் ஆண்டெனாவாகவும் நிட்டினால் பெருமளவில் விற்றது. ஷவரில் தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்று செய்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் வெந்துபோகாமல் காக்கும் அந்தச் சிறு பொருள் பரவலாகாதது எனக்கு இன்றும் வருத்தம். இன்று சில கைபேசிகளின் கேமராவில், தலைமுடியைவிட மெல்லிய நிட்டினால் கம்பிகள் மின்சாரத்தால் சூடேறிச் சுருங்கி லென்ஸை நகர்த்துகின்றன. கையில் வைத்திருப்பவருக்கு அது தெரிவதே இல்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். இதயத்தில் ஓட்டை என்று சொல்வோமே, மேலறைகளின் இடைச்சுவரில் பிறவியிலேயே இருக்கும் திறப்பு, அதற்கு ஒரு காலத்தில் நெஞ்சைப் பிளந்து தையல் போடுவதே வழி. மின்னசோட்டாவின் கர்ட் ஆம்ப்ளாட்ஸ், நிட்டினால் கம்பிகளைப் பின்னி, இடையில் குறுகி இருபுறமும் வட்டாக விரியும் அடைப்பானைச் செய்தார். 2001 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தொடைச் சிரை வழியே சில மில்லிமீட்டர்க் குழாயில் நூலாக நீண்டு போய், சுவரின் இருபுறமும் விரிந்து ஓட்டையை மூடுகிறது. சில நாளில் குழந்தை வீட்டுக்குப் போய்விடும்.

அதே வகைச் சாதனத்தைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிலையம், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. நிட்டினால் கலவையில் பல்லாண்டு உழைத்த ஆய்வகம் அது. அடைப்பானையும், மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் ஒன்றையும் 2021இல் புனேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பமாக மாற்றிக் கொடுத்தார்கள். குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீசித்ராவுக்குப் போய்வந்த குடும்பங்களை நான் அறிவேன்; அவர்களுக்கு அது அயல்மாநில மருத்துவமனையாக ஒருநாளும் தோன்றியதில்லை. அதே நிலையம் முன்பு இதய வால்வு செய்தபோது மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதே வென்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் வலியத்தானும் அவருடைய குழுவினரும் மூன்றாவது தோல்வியோடு நிறுத்தியிருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அரசும் அந்தக் காலம் முழுதும் பணத்தை நிறுத்தாமல் கொடுத்தது. இன்று இரண்டாண்டுத் திட்டம், மூன்றாண்டுத் திட்டம் என்று ஆய்வுப் பணத்தைத் துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கால அளவில் ஒரு நிட்டினால் உலையின் குணத்தைப் புரிந்துகொள்ளக்கூட முடியாது. இதைச் சொல்லக்கூடிய மேடைகளில் எல்லாம் சொல்லிவருகிறேன்.

இனிச் சொல்ல இருப்பது உலோகத்தின் களைப்பு பற்றி. மனித இதயம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை துடிக்கிறது. பத்தாண்டு வாழ்வைக் குறிக்கும் வகையில் 40 கோடி சுற்றுகள் ஸ்டென்டை விரித்துச் சுருக்கிப் பார்ப்பது வழக்கமான சோதனை. எந்திரத்தில் வேகமாக ஓட்டினாலும் மாதங்கள் ஆகும். ஆனால் சோதனைக்கூடம் எதை அசைத்துப் பார்க்க வேண்டும் என்பதை உடல்தான் சொல்ல முடியும். தொடை ஸ்டென்டுகளை வடிவமைத்தபோது நாடித்துடிப்பை எண்ணினார்கள். நோயாளி நடப்பார், உட்காருவார், படியேறுவார் என்பதை அந்த அளவுக்கு எண்ணவில்லை. முழங்கால் மடங்கும்போது தொடைத் தமனி சுருங்கி வளைந்து முறுகுகிறது. 2005இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, ஸ்டென்ட் வைத்த கால்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஏதோ ஓர் இடத்தில் முறிவு கண்டது. முறிந்த இடங்களில் ரத்தக்குழாய் மறுபடி அடைபடுவதும் கூடியிருந்தது. அதன்பின் வலையின் வடிவத்தை மாற்றினார்கள், இணைப்புகளைக் குறைத்தார்கள், இன்னும் தூய்மையாக உருக்கிய நிட்டினாலுக்குப் போனார்கள், சோதனையில் வளைவையும் முறுக்கையும் சேர்த்தார்கள். அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முறிவை மறைக்காமல் எக்ஸ்ரே எடுத்து எண்ணியவர்கள் அவர்கள்.

இதய அடைப்பானுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாக வருகிறது. வைத்த சில மாதங்களில் அதன்மேல் திசு படர்ந்து மூடிவிடுகிறது, அசைவும் குறைகிறது. ஆனால் அது வைக்கப்படுவது ஐந்து வயதுக் குழந்தைக்கு. அந்தக் குழந்தை எழுபத்தைந்து வயது வரை வாழட்டும். 280 கோடி துடிப்புகள். அந்த அளவுக்கு ஓட்டிப் பார்த்த எந்திரம் எதுவும் இல்லை. முதலில் அடைப்பான் வைக்கப்பட்ட குழந்தைகளே இன்னும் நடுவயதைத் தாண்டவில்லை. மிக அரிதாக அடைப்பானின் விளிம்பு இதயச் சுவரை அரித்திருக்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே சாதனம் வைத்த பிறகு ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்ப்பதுதான் மிஞ்சிய சோதனை. அதை நடத்தித் தரக்கூடியவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும்தான்.

மருத்துவமனையில் சாதனம் பொருத்தியதும் ஓர் அட்டை கொடுப்பார்கள். சாதனத்தின் பெயர், அளவு, தொகுதி எண், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் யாருக்காவது ஸ்டென்டோ அடைப்பானோ வைத்திருந்தால், அந்த அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கதிரியல் பிரிவினர் முதலில் கேட்பது அதைத்தான். எங்கேனும் ஓர் உலையில் அன்று வந்த தொகுதியில் குறை இருந்தது என்று பின்னால் தெரிய வந்தால், அந்தத் தொகுதி யார் யார் உடலில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க உதவுவதும் அந்த எண்தான். குழந்தை வளர்ந்து வேலைக்கோ திருமணமாகியோ வேறு ஊருக்குப் போகும்போது அட்டையையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.